மவுஸ் மக்கர் பண்ணுதா? தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி வரிசையா இதெல்லாம் பாருங்க

போன மாசம் எங்க டிடிபி கடைக்கு பக்கத்துத் தெரு அரிசி மண்டியில கணக்கு எழுதுற அண்ணன் ஒருத்தர் வந்தாரு, வயசு அறுபதத் தாண்டியாச்சு. எக்ஸல்ல நாலஞ்சு கட்டத்த இழுத்து செலக்ட் பண்ணப் போனா பாதியிலயே விட்டுருதாம், சில நேரம் ஒரு கட்டத்துல இருந்த தொகை நகந்து போயி வேற கட்டத்துல உக்காந்துக்குதாம், ரெண்டு நாளா கணக்கு உதைக்குது, ராத்திரி உக்காந்து மறுபடி மறுபடி கூட்டிப் பாத்துட்டு வந்திருக்காரு. எல்லாம் சொல்லி முடிச்சுட்டு மெதுவா, "எனக்குத்தான் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சோன்னு பயந்துட்டேன் தம்பி, டாக்டரப் பாக்கலாம்னு இருந்தேன்"னாரு. அவரு கையில ஒரு கோளாறும் இல்ல. மவுஸோட இடது பட்டனுக்குக் கீழ இருக்குற ஒரு குட்டி சுவிட்ச் தேஞ்சு போயிருந்துச்சு, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம்தான் இத எழுதணும்னு தோணுச்சு. கம்ப்யூட்டருக்குப் புதுசா வர்றவங்க, வயசானவங்க, மவுஸ் சரியா வேலை செய்யலன்னா முதல்ல தன்னைத்தான் சந்தேகப்படுறாங்க, நமக்குத் தெரியல, நாம எதையோ தப்பா அமுக்கிட்டோம்னு. இல்லன்னா நேரா போயி புதுசு வாங்கிடுறாங்க, புதுசுலயும் அதே பிரச்சனை வந்தா கம்ப்யூட்டரயே மாத்தணும்னு யாராவது சொல்லிடுறாங்க. எது கோளாறுன்னு கண்டுபிடிக்க பெரிய படிப்பு வேணாம், எத முதல்ல பாக்குறது எத அப்புறம் பாக்குறதுங்கிற வரிசை தெரிஞ்சா போதும். நான் இங்க சொல்றது விண்டோஸ் 10, 11 வச்சிருக்கவங்களுக்கு, மவுஸப் பத்தின பகுதி எல்லாருக்கும் பொருந்தும்.

முதல்ல வேலைய காப்பாத்துங்க

மவுஸ் திடீர்னு நின்னுருச்சுன்னா பதறிப்போயி பவர் பட்டன அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணாதீங்க. டைப் பண்ணிட்டிருந்தது போயிடும். கன்ட்ரோலும் எஸ்ஸும் சேத்து அமுக்குங்க, ஃபைல் சேவ் ஆயிடும். ஆல்ட் பிடிச்சுக்கிட்டு டேப் அமுக்கினா ஒரு விண்டோவுல இருந்து இன்னொண்ணுக்குப் போகலாம், ஆல்ட்டும் எஃப்4ம் சேத்து அமுக்கினா அந்த விண்டோ மூடும். எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு விண்டோஸ் கீயும் எக்ஸும் சேத்து அமுக்குங்க, ஒரு மெனு வரும், அதுல யூ, அப்புறம் ஆர், ரீஸ்டார்ட் ஆயிடும்.

ரீஸ்டார்ட்னு சொன்னா ரீஸ்டார்ட்டே பண்ணுங்க, ஷட்டவுன் பண்ணி மறுபடி ஆன் பண்றது அதுக்குச் சமம் இல்ல. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு ஆன்ல இருந்தா, ஷட்டவுன் பண்ணும்போது உள்ள இருக்குற நிலைமைய ஒரு பங்கு அப்படியே டிஸ்க்ல எழுதி வச்சுட்டு அடுத்த தடவ அதையே எடுத்துக்கும், அதனால மக்கர் பண்ணுன டிரைவர் (மவுஸையும் விண்டோஸையும் பேச வைக்கிற சாஃப்ட்வேர்) மக்கரோடவே திரும்பி வரும். ரீஸ்டார்ட்ல எல்லாம் புதுசா லோடு ஆகும். பாதிப் பேருக்கு வேலை இதோட முடிஞ்சிடும்.

முடியலன்னா, நம்பர் பேட் உள்ள கீபோர்டு இருந்தா அதையே மவுஸா ஆக்கிக்கலாம். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூணையும் சேத்து அமுக்குனா மவுஸ் கீஸ் ஆன் பண்ணவான்னு கேக்கும், என்டர் அமுக்குங்க. கேக்கலன்னா விண்டோஸ் கீயும் யூவும் அமுக்கி உள்ள மவுஸ்னு இருக்குற பக்கத்துல போயி ஆன் பண்ணலாம். அப்புறம் நம்பர் பேட்ல 8 மேல, 2 கீழ, 4 இடம், 6 வலம், 5 க்ளிக், கூட்டல் குறி டபுள் க்ளிக். மெதுவாத்தான் போகும், ஆனா இதுக்கு அப்புறம் சொல்றதுக்கெல்லாம் ஒரு அம்புக்குறி கையில இருக்கணும்ல, அதுக்காக.

கோளாறு மவுஸ்லயா கம்ப்யூட்டர்லயா

இதுதான் முக்கியமான கேள்வி, இதுக்கு விடை தெரியாம எதையும் கழட்டாதீங்க, எதையும் இன்ஸ்டால் பண்ணாதீங்க. அந்த மவுஸ எடுத்து இன்னொரு கம்ப்யூட்டர்ல செருகிப் பாருங்க. அங்கயும் அதே தொல்லைன்னா மவுஸ்தான். அங்க ஒழுங்கா ஓடுதுன்னா உங்க கம்ப்யூட்டர் இல்லன்னா அந்த யுஎஸ்பி போர்ட்.

வீட்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்குன்னா ஆண்ட்ராய்டு போன் போதும். ஓடிஜி அடாப்டர்னு சின்னதா ஒண்ணு செல்போன் கடையில கிடைக்கும், அத போன்ல செருகி அதுல மவுஸ செருகுனா போன் ஸ்க்ரீன்லயே அம்புக்குறி வந்துடும், பெரும்பாலான போன்ல எதுவும் செட்டிங் பண்ண வேண்டியதில்ல, சில போன்ல மட்டும் செட்டிங்ஸ்ல ஓடிஜிய ஆன் பண்ணணும். டாங்கிள், அதான் யுஎஸ்பியில செருகுற குட்டி ரிசீவர், வச்ச வயர்லெஸ் மவுஸுக்கும் இது வேலை செய்யும். எங்க கடையில வர்ற மவுஸ எல்லாம் நான் முதல்ல என் போன்லதான் போட்டுப் பாப்பேன், ரெண்டு நிமிஷத்துல பாதி குழப்பம் போயிடும்.

அம்புக்குறி குதிக்குது, நகர மாட்டேங்குது

இப்ப வர்ற மவுஸுக்குக் கீழ ஒரு குட்டி கேமரா இருக்கு. பக்கத்துல ஒரு சின்ன லைட் சாய்வா அடிக்கும், அந்த வெளிச்சத்துல மேசையோட சொரசொரப்ப செகண்டுக்கு ஆயிரக்கணக்குல போட்டோ எடுத்து, முந்தின போட்டோவுக்கும் இதுக்கும் எவ்வளவு நகந்திருக்குன்னு கணக்குப் போட்டு அம்புக்குறிய நகத்தும். இத மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா மிச்சமெல்லாம் தானா புரியும். கண்ணாடி மேசையில அதுக்குப் பாக்க ஒண்ணுமே இல்ல, பளபளன்னு லேமினேட் பண்ணுன மேசையில லைட் வேற மாதிரி தெறிக்கும், அதனால அம்புக்குறி நிக்கும் இல்லன்னா குதிக்கும். ஒரு வெள்ளை ஏ4 பேப்பர கீழ போட்டுப் பாருங்க. பேப்பர் மேல நல்லா ஓடுச்சுன்னா மவுஸ் நல்ல மவுஸ், ஒரு துணி மவுஸ் பேட் வாங்கிக்கோங்க, முடிஞ்சுது.

பேப்பர்லயும் ஓடலன்னா மவுஸத் திருப்பி அந்த ஓட்டையில பாருங்க. ஒத்த முடி சுருண்டு கிடந்தா போதும், அது லென்ஸ் முன்னாடி ஆடிக்கிட்டே இருக்கும், அம்புக்குறியும் ஆடும். வாயால ஊதாதீங்க எச்சி தெறிக்கும், கேமரா லென்ஸ் துடைக்க விக்கிற ரப்பர் ஊதியால ஊதுங்க, இல்லன்னா காது குடையுற பட்ஸ லேசா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல தொட்டு மெதுவா சுத்துங்க. தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் மூணும் கிட்டயே கொண்டு வராதீங்க, பிளாஸ்டிக்க உருக்கிடும், லென்ஸும் பிளாஸ்டிக்தான். ஜன்னல் பக்கத்துல வெயில் நேரா மவுஸ் மேல விழுற மாதிரி உக்காந்தாலும் சில மவுஸ் தடுமாறும். இன்னொண்ணு, கீழ சிவப்பு லைட் எரியலன்னதும் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க, நிறைய மவுஸ்ல கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் லைட்தான் இருக்கு.

அம்புக்குறி விட்டு விட்டு நகருது ஆனா மத்தவங்க கம்ப்யூட்டர்ல அதே மவுஸ் நல்லா ஓடுதுன்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் அமுக்கி டாஸ்க் மேனேஜர் பாருங்க. சிபியு இல்லன்னா டிஸ்க் 100 சதவீதத்துல நின்னுக்கிட்டிருந்தா கம்ப்யூட்டருக்கு உங்க மவுஸ கவனிக்க நேரம் இல்லன்னு அர்த்தம்.

லேப்டாப்ல மவுஸத் தொடாமயே அம்புக்குறி தானா ஓடுதுன்னா மவுஸ விட்டுட்டு டச்பேட சந்தேகப்படுங்க. டைப் பண்ணும்போது கட்டைவிரல் அதுல படும். சார்ஜர் போட்டா மட்டும் துள்ளுதுன்னா, எர்த் இல்லாத பிளக் பாயிண்ட் காரணமா இருக்கலாம், சார்ஜர உருவிப் பாருங்க, அடங்கிருச்சுன்னா எர்த் ஒழுங்கா இருக்குற வேற பாயிண்ட்ல போடுங்க. ஆனா டச்பேட் ஒரு பக்கம் மேல தூக்கிக்கிட்டு, அமுக்குனா கல்லு மாதிரி இருந்துச்சுன்னா உடனே சார்ஜர உருவி ஆஃப் பண்ணிட்டு சர்வீசுக்குக் கொண்டு போங்க. அடியில பேட்டரி உப்புது. அத அமுக்கவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். மவுஸ் பிரச்சனைன்னு நினைச்சுக்கிட்டு நிறைய பேர் இத மாசக்கணக்குல விட்டுடுறாங்க, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

வயர் உள்ள மவுஸ்

வயர மெதுவா வளைச்சுக்கிட்டே இருங்க, அப்ப கம்ப்யூட்டர்ல டிடிங் டிடிங்னு சத்தம் வந்து வந்து போச்சுன்னா உள்ள கம்பி அறுந்திருக்கு. அறுகுற இடம் பெரும்பாலும் ஒரே இடம்தான், மவுஸ்ல இருந்து வயர் வெளிய வர்ற கழுத்து. வேலை முடிஞ்சதும் வயர மவுஸ் மேலயே இறுக்கிச் சுத்தி வைக்கிற பழக்கம் இருக்குல்ல, அது அந்த கழுத்தத்தான் முறிக்குது, தளர்வா வட்டமா சுத்தி வைங்க.

வயர் நல்லா இருந்தா போர்ட்ட மாத்துங்க. டெஸ்க்டாப்னா சிபியு பெட்டியோட முன்பக்கம் இருக்குற போர்ட்ட நம்பாதீங்க, அது உள்ள ஒரு கேபிள் வழியா மதர்போர்டுக்குப் போகுது, பின்னாடி இருக்குறது நேரா மதர்போர்டுலயே இருக்கு, அதுல போடுங்க. நடுவுல யுஎஸ்பி ஹப் இருந்தா எடுத்துடுங்க. பழைய சிஸ்டத்துல உருண்டையா பச்சைக் கலர் பின் உள்ள மவுஸ் இருந்தா அத கம்ப்யூட்டர் ஓடும்போது உருவி மாட்டுனா எடுக்காது, ஆஃப் பண்ணிட்டு மாட்டி அப்புறம் ஆன் பண்ணணும்.

வயர்லெஸ் மவுஸ்

கீழ ஆன் ஆஃப் சுவிட்ச் இருக்கான்னு பாருங்க, இத எல்லாரும் தாண்டிப் போறாங்க. புது மவுஸ்னா பேட்டரி பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் பட்டை நீட்டிக்கிட்டு இருக்கும், அத இழுத்து எடுக்கணும். சில மவுஸுக்குக் கீழ 1, 2, 3னு ஒரு பட்டன் இருக்கும், ஒரே மவுஸ மூணு கம்ப்யூட்டருக்கு வச்சுக்கிறதுக்கு, கை பட்டு 1ல இருந்து 2க்கு மாறிடுச்சுன்னா மவுஸ் உயிரோடதான் இருக்கும் ஆனா உங்க கம்ப்யூட்டரோட பேசாது, திரும்ப அமுக்கி 1க்குக் கொண்டு வாங்க.

அடுத்து செல். புது ஏஏ செல்லுல 1.5 வோல்ட் இருக்கும், மல்டிமீட்டர்ல 1.1க்கு பக்கத்துல காட்டுச்சுன்னா மாத்திடுங்க, அந்த அளவுக்கு இறங்குனா அம்புக்குறி விட்டு விட்டுத்தான் வரும். கடிகாரத்துல ஓடுற செல்லு மவுஸ்ல ஓடாம போகும், ஏன்னா கடிகாரம் எடுக்குற கரண்ட் ரொம்பக் கம்மி. அதனால "இப்பதான் கடிகாரத்துல நல்லா ஓடிட்டு இருந்துச்சு"ங்கிறத வச்சு செல் நல்லா இருக்குன்னு நினைக்காதீங்க. மாசக்கணக்குல பீரோவுல கிடந்த மவுஸ்னா செல் கசிஞ்சு கம்பிச் சுருள்ல வெள்ளையா உப்பு பூத்திருக்கும். செல் மேல அல்கலைன்னு போட்டிருந்தா பட்ஸ்ல எலுமிச்சை சாறு இல்லன்னா வினிகர் ஒரு சொட்டு தொட்டு தேய்ங்க, நுரைச்சுக்கிட்டு கரையும். விலை கம்மியான சாதா செல்லுன்னா கசியுறது அமிலத்தன்மை உள்ளது, அதுக்கு எலுமிச்சை உதவாது, ஆப்ப சோடாவ தண்ணியில குழைச்சு தொட்டுத் துடைங்க. எதுவா இருந்தாலும் கடைசில ஆல்கஹால் தொட்டுத் துடைச்சு நல்லா காயவிட்டு, பென்சில் அழிக்கிற ரப்பரால அந்த தகட்ட பளிச்சுன்னு ஆகுற வரைக்கும் தேய்ச்சு விடுங்க. வெறுங்கையால அந்த உப்ப நோண்டாதீங்க.

டாங்கிள் எங்க செருகியிருக்கீங்கங்கிறது பலபேருக்குத் தெரியாத விஷயம். வயர்லெஸ் மவுஸ் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல பேசுது. யுஎஸ்பி 3.0 போர்ட், அதான் உள்ள நீலக் கலர்ல இருக்குமே, அதுல ஹார்ட் டிஸ்கோ பென் டிரைவோ போட்டு காப்பி பண்ணும்போது அதே அலைவரிசை பக்கத்துல இரைச்சல் கிளம்பும், இத இன்டெல் நிறுவனமே 2012ல ஒரு தொழில்நுட்ப அறிக்கையா வெளியிட்டாங்க. அதனால ஹார்ட் டிஸ்க் மாட்டினா மட்டும் மவுஸ் தடுமாறுதுன்னா பயப்பட ஒண்ணும் இல்ல, டாங்கிள தூரத்துல இருக்குற கருப்பு போர்ட்ல மாத்துங்க. டெஸ்க்டாப்ல சிபியுவுக்குப் பின்னாடி செருகுனா நடுவுல முழு இரும்புப் பெட்டி நிக்குது, ஒரு சின்ன யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி டாங்கிள மேசை மேல கொண்டு வந்து வைங்க. எங்க கடையில ரெண்டு சிஸ்டத்துக்கு இப்படித்தான் போட்டிருக்கேன், அதுக்கப்புறம் அந்த ரெண்டுலயும் தொல்லையே இல்ல.

டாங்கிள் தொலைஞ்சுருச்சுன்னா முதல்ல மவுஸுக்குள்ள பேட்டரி மூடியத் திறந்து பாருங்க, அங்க அதுக்குன்னே ஒரு குழி இருக்கும். நிஜமாவே தொலைஞ்சிருந்தா, லாஜிடெக்ல யூனிஃபையிங்னு ஆரஞ்சு கலர்ல நட்சத்திரம் மாதிரி குறி போட்ட வகைக்கு தனியா டாங்கிள் வாங்கி சேத்துக்கலாம், விலை கம்மியான மவுஸ்ல பெரும்பாலும் டாங்கிளும் மவுஸும் பிறந்த ஜோடி, ஒண்ணு போனா இன்னொண்ணும் போச்சு. ப்ளூடூத் மவுஸ்னா செட்டிங்ஸ்ல அத ரிமூவ் பண்ணிட்டு மறுபடி இணைச்சுக்கோங்க.

கம்ப்யூட்டர்ல பாக்க வேண்டியது

விண்டோஸ் கீயும் எக்ஸும், அப்புறம் எம். டிவைஸ் மேனேஜர் வரும். அம்புக்குறி கீயால இறங்கி மைஸ் அண்ட் அதர் பாயிண்டிங் டிவைசஸ்னு இருக்குறத வலது அம்புக்குறியால விரிச்சு, உங்க மவுஸ் மேல நின்னு ஷிஃப்ட்டும் எஃப்10ம் அமுக்குனா ரைட் க்ளிக் மெனு வரும். அன்இன்ஸ்டால் குடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, விண்டோஸ் தானா திரும்பப் போட்டுக்கும். டிரைவர் அப்டேட் பண்றேன்னு சொல்ற சாஃப்ட்வேர் எதையும் நெட்ல தேடி இறக்காதீங்க, சாதாரண மவுஸுக்கு விண்டோஸ்ல இருக்குற டிரைவரே போதும்.

கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டு வந்தா மவுஸ் தூங்கிப் போயி எழுந்திரிக்க மாட்டேங்குதுன்னா அதே டிவைஸ் மேனேஜர்ல யுஎஸ்பி ரூட் ஹப்னு இருக்குறதோட ப்ராப்பர்ட்டிஸ்ல பவர் மேனேஜ்மென்ட் பக்கம் போயி, பவர் சேமிக்க இந்த டிவைச ஆஃப் பண்ணலாம்னு இருக்குற டிக்க எடுத்துடுங்க.

அப்புறம், கோளாறு மாதிரி தெரியுற ஆனா கோளாறே இல்லாத சில செட்டிங் இருக்கு. இடது பட்டன் அமுக்குனா ரைட் க்ளிக் மெனு வருதுன்னா யாரோ பிரைமரி பட்டன ரைட்டுக்கு மாத்தியிருக்காங்க, குழந்தைங்க உள்ள வீட்ல இது சகஜம். ஒரு க்ளிக்லயே ஃபோல்டர் தொறக்குதுன்னா ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல சிங்கிள் க்ளிக்னு வச்சிருக்கலாம். பிடிச்ச பொருள் விட மாட்டேங்குது கூடவே வருதுன்னா க்ளிக் லாக் ஆன்ல இருக்கும். மூணும் மவுஸ் செட்டிங்லயும் ஃபோல்டர் ஆப்ஷன்லயும் ஒரு டிக் மாத்துனா போதும்.

ஒரு க்ளிக் பண்ணா ரெண்டா விழுது

மண்டி அண்ணனோட மவுஸுக்கு வந்தது இதுதான். வயசான மவுஸுக்கு வர்ற சீக்குல நான் அதிகமா பாத்ததும் இதுதான். ஃபோல்டர் ஒரு தடவ தொட்டாலே தொறக்கும், எதையாவது இழுத்துட்டுப் போனா நடுவழியில போட்டுரும், ஒரு டேப் மூடப் போனா ரெண்டு டேப் மூடும்.

உறுதி பண்ண ரெண்டு சோதனை சொல்றேன். பெயிண்ட் தொறந்து பென்சில் எடுத்து இடது பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஒரு நிமிஷம் மெதுவா கோடு போட்டுக்கிட்டே இருங்க, விரல எடுக்காதீங்க. கோடு நடுவுல அங்கங்க அறுந்திருந்தா சுவிட்ச் பிடி விடுது. ரெண்டாவது, செட்டிங்ஸ்ல பிரைமரி பட்டன ரைட்டுக்கு மாத்திட்டு வலது பட்டனால அதே கோட்ட போடுங்க. இப்ப கோடு அறுகலன்னா இடது சுவிட்ச்தான் குத்தவாளின்னு முடிவாயிடுச்சு. அந்த அண்ணன என் பக்கத்துல உக்கார வச்சு அவரு கையாலயே இந்த ரெண்டு கோட்டையும் போடச் சொன்னேன். முதல் கோடு புள்ளி புள்ளியா வந்துச்சு, ரெண்டாவது கோடு நூல் பிடிச்ச மாதிரி வந்துச்சு. கைய விரிச்சு ஒரு தடவ பாத்துக்கிட்டாரு. கூடுதலா நான் ஒண்ணும் விளக்க வேண்டியிருக்கல. அவசரத்துக்கு அப்படியே ரைட்டுக்கு மாத்தி வச்சுக்கிட்டும் வேலைய ஓட்டலாம், சுவிட்ச் மாத்துற வரைக்கும் அவரு அப்படித்தான் ஓட்டுனாரு.

ஏன் இப்படி ஆகுதுன்னா, அந்த சுவிட்சுக்குள்ள செம்புக் கலவையில ஒரு மெல்லிசான தகடு இருக்கு. நாம அமுக்கும்போது அது டக்குன்னு கீழ போயி இன்னொரு முனையத் தொடும். தொட்ட உடனே அப்படியே நிக்காது, ஒரு பந்து தரையில விழுந்து துள்ளுற மாதிரி செகண்டுல ஆயிரத்துல சில பங்கு நேரத்துக்குத் துள்ளிட்டுத்தான் நிக்கும். இது புது மவுஸ்லயும் உண்டு, மவுஸுக்குள்ள இருக்குற சிப் அந்த துள்ளல கண்டுக்காம விட்டுடும். வருஷக்கணக்குல அமுக்கி அமுக்கி தகடு தளர்ந்து, தொடுற முனை கருத்துப் போச்சுன்னா துள்ளல் அதிகமாகி சிப்போட பொறுமைய தாண்டிடும், அப்ப அது ரெண்டாவது க்ளிக்னு எண்ணிக்கும். சில கேமிங் மவுஸ்ல கம்பெனி சாஃப்ட்வேர்ல டிபவுன்ஸ் டைம்னு ஒண்ணு இருக்கும், துள்ளல எவ்வளவு நேரம் கண்டுக்காம விடணும்ங்கிற அளவு, அத கொஞ்சம் கூட்டி வச்சா கொஞ்ச காலம் தள்ளலாம்.

கழட்டுறதுன்னா

முதல்ல வாரன்ட்டி இருக்கான்னு பில்ல எடுத்துப் பாருங்க. இருந்தா தொடாதீங்க, மாத்தி வாங்குங்க. இல்லன்னா வயர உருவிட்டு, வயர்லெஸ்னா செல்ல எடுத்துட்டு, வெள்ளைத் துண்டு ஒண்ண விரிச்சு அதுக்கு மேல வேலை செய்யுங்க, ஏன்னா உள்ள ஸ்க்ரோலுக்கு அடியில ஒரு நூல் மாதிரி ஸ்ப்ரிங் இருக்கும், வெறும் மேசைன்னா பறந்து போயிடும், தேடி மாளாது. ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரியலன்னா கீழ வழுக்குறதுக்கு ஒட்டியிருக்குற அந்த கால் பட்டைக்கு அடியில இருக்கும், இல்லன்னா ஸ்டிக்கருக்கு அடியில, விரலால தடவுனா குழி தெரியும். ஹேர் ட்ரையரால லேசா சூடு காட்டி பட்டைய ஒரு ஓரமா தூக்குங்க, மொத்தமா பிச்சுடாதீங்க திரும்ப ஒட்டணும். சின்ன ஸ்டார் ஸ்க்ரூட்ரைவர் போதும். ஸ்க்ரூ கழண்டதும் பின்பக்கத்த மெதுவா தூக்குங்க, முன்பக்கம் கொக்கி மாட்டியிருக்கும், சில மவுஸ்ல மேல் மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவுல ஒரு பட்டையான கேபிள் ஓடும், வெடுக்குன்னு இழுத்தா கிழிஞ்சிடும். ஒவ்வொண்ணு கழட்டுறதுக்கு முன்னாடியும் போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

ஸ்க்ரோல் மேல சுத்துனா கீழ போகுது, குதிக்குதுன்னு வந்தவங்க இப்பவே அத முடிச்சுக்கலாம். வீல தூக்குங்க, அச்சுல முடி சுத்தியிருக்கும், ட்வீசரால எடுங்க. வீல் அச்சு போயி மாட்டுற சதுரமான குட்டி டப்பாதான் என்கோடர், வீல் சுத்துறத கணக்கு எடுக்குறது அதுதான். அதுல கான்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரே ஒரு சொட்டு விட்டு இருபது முப்பது தடவ முன்னும் பின்னும் சுத்துங்க, காயவிட்டு மாட்டுங்க. உள்ள இருக்குற கிரீஸும் கொஞ்சம் கழுவிப்போயிடும், அதனால முன்ன மாதிரி மெத்துன்னு சுத்தாது, அது தெரிஞ்சே பண்ணுங்க. புதுசு மாத்துறதா இருந்தா பழசோட உயரத்த ஸ்கேல்ல அளந்துட்டு வாங்குங்க, அளவு மவுஸுக்கு மவுஸ் மாறும். டப்பா இல்லாம, வீல்ல ஓட்டை ஓட்டையா இருந்து ஒரு பக்கம் லைட்டும் இன்னொரு பக்கம் சென்சாரும் இருந்தா அதுல தூசி தட்டினாலே சரியாயிடும், எண்ணெய் மட்டும் விட்டுடாதீங்க.

க்ளிக் சுவிட்சுக்கு வருவோம். பட்டனுக்கு நேர் கீழ கருப்பா, சுமார் 12.8 மில்லிமீட்டர் நீளம் 5.8 அகலத்துல, மேல ஒரு குட்டி குமிழோட இருக்கும். அந்த குமிழோட ஓரத்துல கான்டாக்ட் க்ளீனர் ஒரு துளி விட்டு ஐம்பது தடவ அமுக்கிப் பாருங்க. சில மவுஸ் இதுலயே சரியாயிடும், ஆனா ரொம்ப நாள் தாங்காது, நான் பாத்த வரைக்கும் சில வாரம், சில மாசம். சுவிட்ச் மூடியத் தொறந்து உள்ள இருக்குற தகட்ட வளைச்சு விடலாம்னு வீடியோவுல காட்டுவாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, தகடு தலைமுடி மாதிரி, ஒரு மணி நேரம் போராடி மாட்டினாலும் திரும்பத் தளரும். மாத்துறதுதான் நிரந்தரம்.

சுவிட்ச் விலை பத்து இருபது ரூபாயில இருந்து இருக்கு, சென்னையில இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல கேளுங்க, வெளியூர்னா ஆன்லைன்தான். ஓம்ரான் டி2எஃப்சி வகையில 1 கோடி, 2 கோடி, 5 கோடி அழுத்தம்னு தரம் பிரிச்சு விக்கிறாங்க, கைல், ஹுவானோ, டிடிசியும் கிடைக்கும். விலை ரொம்பக் கம்மியான மவுஸ்ல சதுரமா நாலு கால் உள்ள வேற வகை சுவிட்ச் இருக்கலாம், அதனால தொறந்து பாக்காம வாங்காதீங்க.

சால்டரிங் அயர்ன் பிடிச்சுப் பழக்கம் இல்லன்னா முதல் தடவ உங்க மவுஸ்ல பழகாதீங்க, செத்த போர்டு ஒண்ண கேட்டு வாங்கி அதுல நாலு தடவ எடுத்துப் போட்டுப் பழகுங்க, இல்லன்னா செல்போன் சர்வீஸ் கடையில குடுத்தா சுவிட்ச் மாத்தித் தருவாங்க. நீங்களே பண்றதுன்னா அயர்ன் 350 டிகிரி பக்கம், காலுக்கு கொஞ்சம் ஃப்ளக்ஸும் (லெட் நல்லா ஒட்டுறதுக்குத் தடவுற பசை) புது லெட்டும் (உருக்கி ஒட்டுற சால்டர் கம்பி) வச்சுக்கோங்க, பழைய லெட் அப்பதான் சுலபமா இளகும், இளகுனதும் சக்கர் வச்சு உறிஞ்சுங்க. மூணு காலும் விடுபடாம சுவிட்ச பிடிச்சு இழுத்தா போர்டுல இருக்குற செம்புக் கோடு பேந்து வந்துடும், அதுக்கப்புறம் வேலை பெருசு. புதுச மாட்டும்போது குமிழ் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு போட்டோவப் பாத்து அதே மாதிரி வைங்க, போர்டோட ஒட்டி நிக்கணும், தூக்கிக்கிட்டு நின்னா பட்டன் எப்பவும் அமுங்குன மாதிரியே இருக்கும். ஜன்னலத் தொறந்து வைங்க, முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க, லெட் ஈயம்.

அறுந்த வயரும் இதே நேரத்துல பாத்துக்கலாம். அறுந்த கழுத்துக்கு அந்தப் பக்கம் வெட்டி உள்ள திரும்ப வைக்கணும். சிவப்பு 5 வோல்ட், கருப்பு கிரவுண்ட், வெள்ளையும் பச்சையும் டேட்டா, இதுதான் வழக்கம், ஆனா விலை கம்மியான மவுஸ்ல கலர் மாறியிருக்கும், அதனால கலர நம்பாம மல்டிமீட்டர்ல பீப் வச்சு எந்தக் கம்பி எந்தப் பின்னுக்குப் போகுதுன்னு பாத்துட்டு வைங்க. 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் மாத்தி வச்சா மவுஸ் போயிடும்.

ஸ்க்ரூ முடுக்குறதுக்கு முன்னாடி மூடிய சும்மா பொருத்தி வச்சு, கம்ப்யூட்டர்ல செருகி, மறுபடி அந்த பெயிண்ட் கோட்ட ஒரு நிமிஷம் போட்டுப் பாருங்க. அறுகாம வந்தா முடுக்குங்க.

இத்தனையும் பாத்து சரியாகலன்னா, இல்லன்னா கழட்டவே இஷ்டம் இல்லன்னா புதுசு வாங்குங்க, தப்பே இல்ல. க்ளிக் நிறைய பண்ற வேலைன்னா ஆப்டிகல் சுவிட்ச் உள்ளதான்னு கேட்டு வாங்குங்க, அதுல தகடு தொடுறதுக்குப் பதிலா ஒளி மறையுறத வச்சு க்ளிக் எடுக்குது, துள்ளல் பிரச்சனை கிடையாது, விலைதான் கூட. பழச குப்பையில போட்டுடாதீங்க. எந்த மவுஸ்லயும் இடது சுவிட்ச்தான் தேயும், வலது பக்கம் பெரும்பாலும் புதுசு மாதிரியே இருக்கும். மண்டி அண்ணன் மவுஸுக்கு ஆர்டர் போட்ட சுவிட்ச் வர லேட் ஆச்சு, கடைசில எங்க கடை டப்பாவுல கிடந்த ஒரு செத்த மவுஸோட வலது சுவிட்சத்தான் எடுத்து அவரோட இடது பக்கத்துல வச்சேன், இப்ப வரைக்கும் ஓடுது.